மறு: சரமா, வாசகமா? இணையதள மொழிபெயர்ப்புக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். இணையதளத்தை மொழிபெயர்க்கும்போது திரையில் தெரியும் ஒவ்வொரு சொல்லையும் வரியையும் 'சரம்' (ஆங்கிலத்தில் string) என்று சொல்லிவருகிறோம். அதற்குப் பதிலாகப் போன மடலில் 'வாசகம்' என்ற சொல்லை முன்வைத்துவிட்டுக் காரணத்தைச் சுருக்கமாகத்தான் எழுதியிருந்தேன். மூன்று பேர் மறுத்திருக்கிறீர்கள். மூன்றுமே பதில் சொல்ல வேண்டிய மறுப்புகள்.

> சரம் என்பது நிரலாக்கத்தில் ஊறிப்போன சொல். அதை இப்போது எதற்கு மாற்ற வேண்டும்?

ஐயா, நிரலாக்கத்தில் அதை மாற்றச் சொல்லவில்லை. அங்கே சரம் சரியான சொல். பூக்களைக் கோத்தது போல எழுத்துக்குறிகளை வரிசையாகக் கோத்தது சரம். 'வணக்கம்' என்று படிப்பவருக்கு அது ஐந்து எழுத்து. யூனிகோடில் ஏழு குறியெண்கள், ஏனென்றால் இரண்டு புள்ளிகளும் தனியாக எண்ணப்படுகின்றன. அந்த ஏழைப் பற்றிப் பேசும்போது சரம் என்றே சொல்வோம். ஆனால் மொழிபெயர்ப்பாளர் அந்த ஏழைப் பார்ப்பதில்லை, திரையில் ஒருவர் படிக்கப்போகிற சொல்லைத்தான் பார்க்கிறார். அதற்கு வேறு பெயர் வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியமாகப் பட்டது என்றால், நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு நூலகத்துக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையதளம் செய்தோம். வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் செய்த தளம். மொழிபெயர்த்துக் கொடுத்தவர் பணி ஓய்வு பெற்ற ஒரு தமிழாசிரியை. ஆங்கில வரிகளும் அவற்றுக்கான தமிழும் அருகருகே இருக்கும் .po கோப்பு முழுவதையும் முடித்துவிட்டார். நானும் வேலைப் பட்டியலில் 'சரங்கள்: எல்லாம் முடிந்தன' என்று எழுதிவிட்டேன். தளத்தைத் திறந்தால் தலைப்புக்குக் கீழே இருந்த அறிமுக வரி ஆங்கிலத்தில் நிற்கிறது, மெனுவில் பாதி ஆங்கிலத்தில் நிற்கிறது. அந்த வரிகளை அவர் இரண்டு மாலை முழுக்கக் கோப்புக்குள் தேடியிருக்கிறார். "எல்லாம் முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, நான் எதை விட்டேன்?" என்று கேட்டார். அவர் எதையும் விடவில்லை. அந்த வரிகள் கோப்பிலேயே கிடையாது.

அவை தரவுத்தளத்தில் இருந்தன. வேர்ட்பிரஸில் தளத்தின் அறிமுக வரி விருப்பங்களுக்கான அட்டவணையில் இருக்கும். மெனுவின் பெயர்களும் தரவுத்தளத்தில்தான். .po கோப்பு உருவாவது வேறு வழியில். ஒரு கருவி நிரலைப் படித்து, மொழிபெயர்ப்புக்கு என்று குறித்து மேற்கோளுக்குள் நேரடியாக எழுதிய தொடர்களை மட்டும் எடுத்து வரும். தரவுத்தளத்திலிருந்து ஓடும் நேரத்தில் வந்து சேரும் மதிப்பு அதன் கண்ணில் படாது. நிரலாளர் அந்த மதிப்பைத் தாங்கும் மாறியையும் (variable) மொழிபெயர்ப்புச் செயற்கூற்றுக்குள் (function) போட்டுவிட்டால் எல்லாம் சரி என்று தோன்றும், ஆனால் கோப்பில் ஒன்றும் வந்திருக்காது. பாலிலாங், டபிள்யூபிஎம்எல் போன்ற வேர்ட்பிரஸின் பன்மொழி நீட்சிகள் (plugins) அதனால்தான் இப்படிப்பட்ட தொடர்களைத் தனித்திரையில் பட்டியலிட்டுத் தருகின்றன.

இரண்டையும் 'சரம்' என்றே அழைத்ததால் எங்கள் வேலைப் பட்டியலில் இந்த வேறுபாடே தெரியவில்லை. 'கோப்பு வாசகம்', 'தரவுத்தள வாசகம்' என்று இரண்டு வரிசை இருந்திருந்தால் அந்த அம்மா முதல் நாளே கேட்டிருப்பார்: இரண்டாவது வரிசை யார் பொறுப்பு? கோப்பு வாசகத்தை மொழிபெயர்ப்பாளரே திருத்தலாம். தரவுத்தள வாசகத்துக்கு நிர்வாகத் திரைக்குள் நுழையும் உரிமை வேண்டும். ஆக, வாசகம் இருக்கும் இடத்தைச் சொன்னாலே அது யார் வேலை என்பதும் தெரிந்துவிடும்.

விக்கிப்பீடியாவில் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளின் தமிழ் இடைமுகச் சொற்கள் டிரான்ஸ்லேட்விக்கி என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் மொழிபெயர்க்கப்பட்டு ta.json கோப்புகளில் சேர்கின்றன. ஆனால் ஒரு விக்கியின் நிர்வாகி 'மீடியாவிக்கி' பெயர்வெளியில் (இடைமுகச் சொற்களுக்கான பக்கங்கள் இருக்கும் பகுதியில்) அதே சொல்லுக்கு ஒரு பக்கம் உருவாக்கிவிட்டால், அந்த விக்கியில் தரவுத்தளத்தில் இருப்பதுதான் தெரியும். பிற்பாடு கோப்பில் எவ்வளவு நல்ல திருத்தம் செய்தாலும் அந்தப் பக்கத்தை நீக்கும்வரை பழையதே நிற்கும். திருத்தியும் மாறவில்லையே என்று குழம்பியவர்கள் இந்தக் குழுவிலும் இருப்பீர்கள்.

> 'மெசேஜ்' என்று ஆங்கிலத்திலும் சொல்கிறார்களே. 'செய்தி' போதாதா?

நல்ல கேள்வி அக்கா. கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவியின் கோப்பில், அதாவது அந்த .po கோப்பில், ஒவ்வொரு பதிவும் msgid, msgstr என்ற இரட்டை. அதாவது மெசேஜின் அடையாளம், மெசேஜின் சரம். ஆங்கிலத்திலேயே பொருளுக்கு ஒரு சொல், அது சேமிக்கப்படும் வடிவத்துக்கு வேறொரு சொல். நாம்தான் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். ஆனால் பல தளங்களின் மெனுவில் ஏற்கெனவே 'செய்திகள்' என்று ஒன்று இருக்கிறது. 'செய்தியை மொழிபெயர்த்தாயிற்றா?' என்று கேட்டால் எதைக் கேட்கிறேன்? 'தொடர்' என்ற சொல்லிலும் இதே சிக்கல். அடுத்த பக்கத்துக்குப் போகும் பொத்தானிலேயே 'தொடர்' என்று எழுதியிருக்கிறது. 'சொற்றொடர்' என்றால் 'தேடு', 'சேமி' போன்ற ஒற்றைச் சொற்கள் அதற்குள் அடங்காது. 'உரைத்துண்டு' கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் முழு வாக்கியத்தைத் துண்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாசகம் அப்படியில்லை. கல்யாணப் பத்திரிகை வாசகம், விளம்பர வாசகம், பதாகையில் எழுதிய வாசகம், லாரியின் பின்னால் இருக்கும் வாசகம் என்று ஏதோ ஒன்றின்மேல் பிறர் படிப்பதற்காக எழுதி வைத்ததைத்தான் அந்தச் சொல்லால் சொல்லிவந்திருக்கிறோம். பொத்தான்மேல் எழுதியதும் அதுதானே.

> வாசகம் வடசொல். தூய தமிழ்ச் சொல்லாகத் தேடக் கூடாதா?

வடமொழி வேர் என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் மாணிக்கவாசகர் பெயரிலேயே இருக்கிற சொல், படிக்காதவருக்கும் புரிகிற சொல். அதைவிடத் தெளிவான தனித்தமிழ்ச் சொல் யாராவது தந்தால் நான் முதல் ஆளாக ஏற்றுக்கொள்வேன்.

ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். 'வாசகப் பட்டியல்' என்றால் வாசகர்களின் பட்டியலோ என்று தோன்றக்கூடும், நூலகத் தளத்தில் இன்னும் அதிகமாக. அந்த இடத்தில் 'வாசகங்களின் பட்டியல்' என்று விரித்து எழுதலாம்.

அப்புறம், .po கோப்பில் சில பதிவுகளின்மேல் விழும் 'ஃபஸி' (fuzzy) என்ற குறியைத் 'தெளிவற்றது' என்று எழுதுவதையும் விட வேண்டும். ஆங்கில மூலம் மாறிய பிறகு பழைய தமிழைக் கருவி உத்தேசமாக ஒட்டி வைத்திருக்கிறது என்பதே அதன் பொருள். தமிழ் தெளிவாக இல்லை என்று நினைத்து நல்ல வாக்கியத்தைத் திருத்துகிறார்கள், குறியை மட்டும் நீக்குவதில்லை. குறி இருக்கும்வரை, தளம் உண்மையில் படிக்கும் .mo கோப்பில் அது சேராது, தளத்தில் ஆங்கிலமே தெரியும். 'ஐய வாசகம்' எப்படி?

இலங்கை நண்பர்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அங்கே 'வாசகம்' இதே பொருளில் இயல்பாக வருமா? வரும் என்றால் நம் சொற்பட்டியலில் மூல வாசகம் (மொழிபெயர்க்க வேண்டிய ஆங்கில மூலம்), கோப்பு வாசகம், தரவுத்தள வாசகம், ஐய வாசகம் என்ற நான்கையும் இந்த வாரமே சேர்த்துவிடுகிறேன். சரம் தன் பழைய பொருளோடு அப்படியே இருக்கட்டும்.

அன்புடன்