குல்மார்க், அவுலி, மணாலி: பனிக்குப் போய் வந்தவர்களே, மறக்காத ஒன்றைச் சொல்லுங்கள்

நெல்லைப் பையன்
ஹோட்டல், விமானம், பட்ஜெட் எல்லாம் இங்கே ஆயிரம் தடவை எழுதியாகிவிட்டது, நேரே விஷயத்துக்கு வருகிறேன். குல்மார்க்குக்குக் கீழே தங்மார்க்கில் நம் வண்டியை நிறுத்திவிட்டு, வழுக்காமல் இருக்க சக்கரத்தில் செயின் கட்டிய உள்ளூர் வண்டிக்கு மாறச் சொல்வார்களே, மாறி ஏறிக்கொண்டிருந்தோம். ஒரு கொண்டை ஊசி வளைவில், முன்னால் செயின் இல்லாமல் ஏறிய கார் நின்றது. நின்றது, அப்புறம் எங்களைப் பார்த்துப் பின்னால் வழுக்க ஆரம்பித்தது. வேகமே இல்லை, சத்தமும் இல்லை, சக்கரம் சுற்றவே இல்லை, வண்டி மட்டும் வருகிறது. பின் கண்ணாடி வழியாக ஒரு குழந்தை பிஸ்கட் தின்றுகொண்டே எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை, கத்தவில்லை, இறங்கி ஓடி ஓரத்தில் கிடந்த கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் தள்ளினார். நின்றுவிட்டது. உள்ளே இருந்த ஆள் இறங்கி வந்து ஒரு நன்றி கூடச் சொல்லாமல், "நீங்கள் எல்லாம் சேர்ந்து செயின் என்று சொல்லிக் காசு பிடுங்குகிறீர்கள்" என்று எங்கள் டிரைவரிடம் சண்டைக்கு நின்றார். இன்னும் ஆறவில்லை எனக்கு.

கோவை 4x4
அந்த ஆள் பேசிய விதம் தப்பு, விஷயம் தப்பில்லையே நண்பா. நான் என் 4x4-இல் கோவையிலிருந்தே ஓட்டிக்கொண்டு போனேன், தங்மார்க்கில் மறித்தார்கள், பேசிப் பேசி மேலே போய்விட்டேன், ஒன்றும் ஆகவில்லை. நல்ல வண்டி இருப்பவனும் ஏன் டாக்சிக்குக் காசு கொடுக்க வேண்டும்?

திருச்சி அக்கா
கோவைத் தம்பி, ஏறுவதற்குத்தான் நாலு சக்கரமும் உதவும், பிரேக் போடும்போது எல்லா வண்டியும் ஒன்றுதான். நீங்கள் இறங்கிய அன்று ரோட்டில் கண்ணாடிப் பனி இல்லை, அவ்வளவுதான்.

என் கதை வேறு. 2024 ஜனவரி ஞாபகம் இருக்கிறதா, குல்மார்க்கில் பனியே விழாமல் புல் தெரிந்த மாதம்? நாங்கள் பிப்ரவரியில் போனோம், அதற்குள் கொட்டித் தீர்த்திருந்தது. பிள்ளைகள் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளும் அந்தச் சின்னச் சரிவில் எனக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பெரியவர் வந்தார். என் இரண்டு பலகைகளின் நுனியையும் கையால் பிடித்துக்கொண்டு, அவர் பின்னோக்கியே சறுக்கி இறங்குகிறார், நான் அவரைப் பார்த்தபடி வருகிறேன். கையுறை கிடையாது. விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. "கீழே பார்க்காதே, என் முகத்தைப் பார்" என்று இந்தியில் சொல்லிக்கொண்டே இருந்தார். கீழே வந்ததும் மூச்சு வாங்க உட்கார்ந்தோம். போன மாதம் முழுக்க ஒரு ஆள் கூட வரவில்லை, பலகைகளைத் துடைத்துத் துடைத்து வைத்தேன் என்றார். எங்கள் ஊர் நெல் விளைகிற ஊர் என்று சொன்னேன். "அங்கே மழை பொய்த்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். சும்மா பேச்சுக்குக் கேட்கவில்லை, பதில் தெரிந்துகொள்ளக் கேட்டார். காவேரி, மேட்டூர், கர்நாடகம் என்று நான் என்னத்தைச் சொல்ல? சிரித்து வைத்தேன். அந்தக் கேள்வி கூடவே வந்துவிட்டது.

பணி ஓய்வு பாலு
அக்கா சொன்னது மனசைத் தொட்டது. நான் குல்மார்க்குக்கு மேலே அஃபர்வாட் உச்சியில் நின்றபோது மேகம் இறங்கி, என் கையையே எனக்குத் தெரியாத மாதிரி வெள்ளையாகிவிட்டது, ரோந்துக்காரர் ஒருவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார், மேகம் விலகும்வரை விடவில்லை. அவ்வளவுதான் என் அனுபவம்.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சில. குல்மார்க் கோண்டோலா, அதாவது மலைமேல் ஏற்றும் ரோப்வே, அதன் டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுங்கள், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். முதல் கட்டம் கொங்டூரி வரை, இரண்டாவது கட்டம் அஃபர்வாட், கிட்டத்தட்ட 3,950 மீட்டர். பனிச்சறுக்கு தெரியாதவர் அங்கே சுற்றிப் பார்க்கப் போகலாம், பலகை மாட்டிக்கொண்டு இறங்கப் போகக் கூடாது, எந்தக் கைடு "நான் இருக்கிறேன் சார்" என்று சொன்னாலும். தெரிந்தவர்களுக்கே அங்கே ஆபத்து உண்டு, 2024 பிப்ரவரி பனிச்சரிவில் ஒரு ரஷ்யர் இறந்ததைப் படித்திருப்பீர்கள். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. சாக்ஸ் இரண்டு ஜோடி போட்டால் சூடு என்று நினைப்பார்கள், பூட்ஸ் இறுகி ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் மரத்துப் போகும், கம்பளி சாக்ஸ் ஒன்று போதும். வாடகைக்கு எடுக்கும் பனிச்சறுக்கு பூட்ஸில் நேராக நிற்கும்போது விரல் லேசாக இடிக்க வேண்டும், முட்டியை முன்னால் மடக்கினால் இடிக்கக் கூடாது, இதைப் பார்க்காமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள். வெளிமாநில பிரீபெய்ட் சிம் காஷ்மீரில் எடுக்காது, குடும்பத்தில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்ட் இருக்கட்டும். செல்போனை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் சார்ஜ் சட்டென்று இறங்கும். ஸ்ரீநகர் விமானம் பனியில் ரத்தாகும், திரும்பிய மறுநாளே ஆபீஸ் என்று லீவு போடாதீர்கள்.

நெல்லைப் பையன்
பாலு சார், ரோந்துக்காரர் கதையை இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம், சாக்ஸுக்கு இத்தனை வரி!

சேலம் ஸ்கூட்டர்
எல்லோரும் குல்மார்க்கே சொல்கிறீர்கள், நாங்கள் உத்தராகண்டில் இருக்கிற அவுலி போனோம். கீழே இருக்கிற ஜோஷிமட் ஊரிலிருந்து மேலே போகிற ரோப்வே 2023-இல் நிலம் அமிழ்ந்ததிலிருந்து ஓடவில்லை, ரோடு வழியாகத்தான் போக வேண்டும். அவுலி அருமை, நந்தாதேவி நேரெதிரே, அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ஜோஷிமட்டில் டீ குடிக்க நிறுத்தினோம், அங்கே பக்கத்துச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி, குடியிருக்க லாயக்கில்லை என்று அடையாளம் போட்டது. கை நுழைகிற விரிசல். அதே சுவரில் ஆணி அடித்துக் கொடி கட்டித் துணி காயப் போட்டிருந்தது, சின்னப் பையனின் பள்ளிச் சீருடை. டீக்கடை அம்மாவிடம் ஆள் இருக்கிறார்களா என்று கேட்டேன். "ராத்திரி வேறு இடம், பகலில் இங்கே" என்றார், பாலைக் கிளறிக்கொண்டே. மேலே போய்ப் பனியில் விளையாட மனசு ஒட்டவே இல்லை. மனைவி மட்டும் ஆசை தீர விளையாடினாள்.

கோவை 4x4
சேலம், சரி, மணாலியும் லேசுப்பட்டது இல்லை. 2024 கிறிஸ்துமஸ் சமயம் சோலாங்குக்கும் அடல் சுரங்கத்துக்கும் நடுவில் ஆயிரம் வண்டி மாட்டியது, நானும் அதில் ஒருவன். எனக்கு முன்னால் இருந்த பஸ் டிரைவர் இறங்கி ஒவ்வொரு கார் கண்ணாடியாகத் தட்டி, "பிரேக்கை மிதிக்காதே, முதல் கியரில் விடு" என்று சொல்லிக்கொண்டே போனார். என் கண்ணாடியையும் தட்டினார். நான் 4x4 என்றேன். "அதனால் என்ன?" என்று கேட்டுவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டார்.

திருச்சி அக்கா
அதையேதானே தம்பி நானும் சொன்னேன்!