பிக் பாஸ்: சேதுபதி வந்த பிறகு உங்கள் வீட்டில் பார்க்கிறீர்களா?

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா): 2017 முதல் 7 சீசன் கமல்ஹாசன் நடத்தினார். 2024 அக்டோபரில் விஜய் சேதுபதி வந்தார். சென்னையில் இரவு 9:30 என்றால் நமக்கு நடுச்சாமம் 12. திங்கள் விடியலில் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் எண்ணும் இடம்) போக வேண்டிய என் அம்மா, கமலுக்காகவே ஞாயிறு இரவு விழித்திருப்பார். இப்போது பத்தே நிமிடத்தில் பாயை விரித்துவிடுகிறார். “இவர் யாரையும் பேசி முடிக்க விடமாட்டேங்கிறார்” என்கிறார். எனக்கோ இவரை ரொம்பப் பிடித்திருக்கிறது. தனியாகப் பார்க்கத்தான் மனமில்லை.

பதில் (பீடோர்): அம்மா பக்கம்தான் நான், தங்கச்சி. செம்பனை லோரி ஓட்டுகிறேன். கமல் வாரம் ஒரு புத்தகம் சொல்வாரே, அதைக் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கம் குறித்து வைப்பேன். மகளுக்கு இரண்டு வாங்கியும் கொடுத்தேன். அவர் விலகியதும் முதலில் அதைத்தான் நினைத்தேன்.

பதில் (சுங்காய்): அண்ணே, கமல் பேச்சு எங்கள் பாட்டிக்குப் பாதி புரியாது, நான்தான் விளக்க வேண்டும். சேதுபதி நம் வீட்டு ஆள் மாதிரி நேராகக் கேட்கிறார். பாட்டியே பதில் சொல்கிறார்! 2021இல் கமலுக்குக் கோவிட் வந்து ரம்யா கிருஷ்ணன் நடத்தியபோதும் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) முணுமுணுத்தார்கள், அப்புறம் பழகிவிட்டது.

கேள்வி கேட்டவர்: பாட்டி கதையை அம்மாவிடம் சொன்னேன். “சரி, இந்த வாரம் பார்ப்போம்” என்றார். தேத்தண்ணி போட்டுவைக்கப் போகிறேன்.