வீட்டுப் படத்தில் கோடுகள் நடுங்குகின்றன, ஹேட்ச் நிரம்பவில்லை. அவசரம்!

உவர்மலைத் தம்பி (வெள்ளி, இரவு 9.42)
எல்லோருக்கும் வணக்கம். வீட்டுப் படம் வரைந்துகொண்டிருக்கிறேன். நேற்றுவரை ஒழுங்காக இருந்த படம் இன்று குழம்பிக் கிடக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் சுவர்க் கோடுகள் நடுங்குகின்றன. சுவருக்குள் ஹேட்ச் (கோடுகளால் நிரப்புவது) போட்டால் நிரம்புவதில்லை, நிரம்பினாலும் வெளியே வழிகிறது. முப்பரிமாணத்தில் இன்னும் மோசம். குசினிப் பக்கம் திரும்பினால் பாதி வீடு வெட்டுப்பட்டு மறைந்துவிடுகிறது. திங்கட்கிழமை சபையில் படத்தைக் கொடுக்க வேண்டும். அத்திவாரம் எப்போது வெட்டுவது என்று மேசன் தினமும் கேட்கிறார். என்ன செய்வது? விரைவாகச் சொல்லுங்கள்.

பாலையூற்று (9.50)
எந்த மென்பொருள்?

சீனன்குடாச் சிறகு (9.53)
கிராஃபிக்ஸ் கார்டுதான். சந்தேகமே வேண்டாம். அமைப்புகளுக்குள் போய் வன்பொருள் முடுக்கத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அதன்பிறகு டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். மடிக்கணினியில் இரண்டு கிராஃபிக்ஸ் இருந்தால், வரைகலை மென்பொருள் சக்தி குறைந்த கார்டில் போய் ஒட்டிக்கொள்ளும். அதையும் மாற்றுங்கள்.

நிலாவெளி மணல் (10.04)
ஒரு வீட்டுக்கு ஏன் இவ்வளவு பாடு? ஸ்வீட் ஹோம் 3டி இலவசம். காணிப் படத்தை ஸ்கேன் செய்து பின்னணியாகப் போட்டு, அளவு தெரிந்த ஒரு கோட்டைக் காட்டினால் அதுவே விகிதத்தைப் பிடித்துக்கொள்ளும். சுவர்களை மூடி வரைந்தபின் அறைக்குள் இரட்டைச் சொடுக்கு, அறை தயார். என் தங்கையின் வீட்டை அதில்தான் வரைந்தேன்.

பாலையூற்று (10.06)
மணல் அண்ணா, அவர் திங்கட்கிழமை கொடுக்க வேண்டியவர். இப்போது புதிய மென்பொருள் படிக்கச் சொல்கிறீர்களே.

முக்கோணமட்டம் (10.15)
மென்பொருளின் பெயர் இல்லை. பதிப்பு இல்லை. அலகு இல்லை. திரையைப் படமெடுத்தும் ஒட்டவில்லை. 'குழம்பிக் கிடக்கிறது' என்றால் நாங்கள் மை போட்டா பார்ப்பது? உதவி கேட்பதற்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. நான் 90களில் வரைபலகையில் தொடங்கியவன். அப்போது கோடு நடுங்கினால் வரைந்தவனின் கைதான் காரணம்.

உவர்மலைத் தம்பி (10.31)
ஆட்டோகேட்தான், வேறென்ன. முப்பரிமாணம் ஸ்கெச்சப். மடிக்கணினி புதியது. முடுக்கத்தை நிறுத்திப் பார்த்தேன், நடுக்கம் அப்படியே இருக்கிறது.

தம்பலகாமம் வயல் (10.38)
தம்பி, நேற்று மாலை மின்சாரம் போய் வந்தது, நினைவிருக்கிறதா? சேமிக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் கோப்பு பழுதாகும். முதலில் 'ஓடிட்' கட்டளை கொடுத்துப் பிழைகளைத் திருத்தச் சொல்லுங்கள். அதிலும் சரிவராவிட்டால் 'ரிகவர்'. கடைசி வழி, அதே கோப்புறையில் .பி.ஏ.கே. என்று முடியும் கோப்பு இருக்கும், அதன் பின்னொட்டை .டி.டபிள்யூ.ஜி. என்று மாற்றித் திறவுங்கள். முந்தைய சேமிப்பு கிடைக்கும். யு.பி.எஸ். இல்லாமல் வேலை செய்கிறவர்களுக்கு நான் எத்தனை முறை சொல்வது.

பாலையூற்று (10.40)
மடிக்கணினியில் மின்கலம் இருக்கும், வயல் அண்ணா.

தம்பலகாமம் வயல் (10.41)
எல்லா மின்கலமும் உயிரோடு இருப்பதில்லை.

உவர்மலைத் தம்பி (10.58)
ஓடிட் போட்டேன், பிழை ஒன்றுமில்லை என்கிறது. 'பர்ஜ்' போட்டுத் தேவையற்றவற்றையும் நீக்கினேன். மாற்றமில்லை. நேற்று நான் புதிதாக எதுவும் செய்யவில்லை. சேவையர் (நில அளவையாளர்) அனுப்பிய காணிப் படத்தை உள்ளே எடுத்து, 1000 மடங்கு பெருக்கி, அதற்குள் வீட்டைத் தூக்கி வைத்தேன். அவ்வளவுதான்.

சங்கிலியும் கம்பும் (11.07)
அந்தக் கடைசி வரியில்தான் விடயம் இருக்கிறது. தம்பி, 'ஐ.டி.' என்று கட்டளை கொடுத்துக் காணியின் ஒரு மூலையைச் சொடுக்குங்கள். எக்ஸ், வை என்று என்ன எண்கள் வருகின்றன?

உவர்மலைத் தம்பி (11.12)
பெரிய எண்கள். எக்ஸ் 55 கோடி சொச்சம், வை 67 கோடி சொச்சம். இது பிழையா?

சங்கிலியும் கம்பும் (11.34)
சேவையரில் பிழையில்லை. அவர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

இலங்கையின் தேசிய ஆள்கூற்று முறையான எஸ்.எல்.டி. 99-க்குப் பிதுருதலாகலை மலைதான் ஆதாரப் புள்ளி. அந்தப் புள்ளிக்குப் பூச்சியம் கொடுத்தால் மேற்கேயும் தெற்கேயும் இருக்கும் ஊர்களுக்கு எதிர்மறை எண்கள் வரும். ஆகவே அந்த இடத்துக்குக் கிழக்கு 500,000 மீட்டர், வடக்கு 500,000 மீட்டர் என்று கொடுத்திருக்கிறார்கள். திருகோணமலை அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 50 கி.மீ., வடக்கே ஏறத்தாழ 174 கி.மீ. எனவே உவர்மலையில் எந்தக் காணியை அளந்தாலும் 550,000-ஐயும் 674,000-ஐயும் ஒட்டித்தான் எண்கள் வரும். பழைய முறையில் வரைந்த படமென்றால் அந்த 500,000 என்பது 200,000 ஆக இருக்கும். பழைய படமும் புதிய படமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவில்லை என்று வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நீங்கள் வீட்டை மில்லிமீட்டரில் வரைந்திருக்கிறீர்கள். காணி மீட்டரில் வந்தது. 1000 ஆல் பெருக்கியது சரிதான், ஆனால் ஆள்கூறும் சேர்ந்து பெருகிவிட்டது. கணினியின் பார்வையில் உங்கள் வீடு 0,0 என்ற மூலப்புள்ளியிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. கோப்புக்குள் எண்கள் 15 இலக்கத் துல்லியத்தோடு இருக்கும், அதில் குறைவில்லை. திரையில் வரையும் பகுதி பெரும்பாலும் ஏழு இலக்கத்தோடு நின்றுவிடும். ஒன்பது இலக்க எண்ணில் முதல் ஏழைத்தான் நம்பலாம் என்றால் மிச்சம் என்ன ஆகும்? உங்கள் இடத்தில் அந்தத் தடுமாற்றம் 6 சென்றிமீட்டர் அளவுக்கு வரும். நாலரை அங்குலச் சுவரின் மொத்தத் தடிப்பே 11 சென்றிமீட்டர்தான். கோடு நடுங்காமல் என்ன செய்யும்?

சரிசெய்யும் முறை. முதலில் சேவையரின் கோப்பைத் தொடாமல் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையின் உண்மையான ஆள்கூற்றைப் படத்திலேயே எழுத்தாகப் போட்டுவிடுங்கள், பின்னர் நிலத்தில் குறிக்க வரும்போது தேவைப்படும். உறையவைத்த அடுக்குகளையும் பூட்டிய அடுக்குகளையும் திறவுங்கள், இல்லாவிட்டால் அவற்றில் இருப்பவை பின்னால் நின்றுவிடும். பிறகு எல்லாவற்றையும் தெரிவுசெய்து 'மூவ்', அடிப்படைப் புள்ளியாகக் காணியின் மூலை, அடுத்த புள்ளிக்கு #0,0. அந்த # முக்கியம். டைனமிக் உள்ளீடு இயக்கத்தில் இருக்கும்போது வெறும் 0,0 கொடுத்தால் 'இருந்த இடத்திலிருந்து பூச்சியம்' என்று எடுத்துக்கொண்டு படம் அசையாமல் நிற்கும். முடிந்தபின் படம் முழுவதையும் திரைக்குள் கொண்டுவரும் 'ஸூம் எக்ஸ்டென்ட்ஸ்' கொடுங்கள். வீடு ஒரு புள்ளியாகச் சுருங்கினால் ஏதோ ஒரு துண்டு இன்னும் பழைய இடத்தில் கிடக்கிறது என்று பொருள். அதைத் தேடி எடுங்கள். பழைய ஹேட்ச்களை அழித்துப் புதிதாகப் போடுங்கள்.

ஸ்கெச்சப்புக்குள் எடுக்கும்போது, வரைபடத்தின் மூலப்புள்ளியை அப்படியே வைத்திருக்கவா என்று கேட்கும் பெட்டி தெரிவுகளுக்குள் இருக்கும். அதில் சரியடையாளம் இருந்தால் எடுத்துவிடுங்கள். குசினி வெட்டுப்படுவதற்கும் இதே தூரம்தான் காரணமாக இருக்க வேண்டும்.

காணி எத்தனை பேர்ச்?

முக்கோணமட்டம் (11.52)
இவ்வளவு நீட்டி முழக்கத் தேவையில்லை. படத்தை நகர்த்துவது தொழில் தெரியாதவர்கள் செய்வது. யு.சி.எஸ். (பயனர் ஆள்கூற்று முறை) மூலத்தைக் காணி மூலைக்கு மாற்றினால் போதும். ஆள்கூறும் கெடாது. இதைத்தான் நான் தொடக்கத்திலேயே 'அலகு இல்லை' என்று சுட்டிக்காட்டினேன்.

பாலையூற்று (11.55)
அலகுக்கும் யு.சி.எஸ்.ஸுக்கும் என்ன தொடர்பு, ஐயா?

முக்கோணமட்டம் (11.57)
தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

சங்கிலியும் கம்பும் (சனி, காலை 6.20)
யு.சி.எஸ். மாற்றினால் ஹேட்ச்சுக்குச் சிலவேளை உதவும், மறுக்கவில்லை. ஆனால் அது நாம் எண்ணத் தொடங்கும் இடத்தை மட்டுமே மாற்றுகிறது. கோப்பில் கோடுகள் இருப்பது பழைய இடத்தில்தான். ஸ்கெச்சப் அந்தப் பழைய எண்களைத்தான் வாசிக்கும். ஆள்கூறு கெடக்கூடாது என்றால் காணிப் படத்தைத் தனிக்கோப்பாக வைத்து, வீட்டுப் படத்தை மூலப்புள்ளிக்கு அருகில் வரைந்து, இரண்டையும் வெளியிணைப்பாகச் சேர்க்கலாம். திங்கட்கிழமைக்குள் அதெல்லாம் வேண்டாம்.

உவர்மலைத் தம்பி (7.45)
12 பேர்ச்.

சங்கிலியும் கம்பும் (8.02)
அப்படியென்றால் எல்லைக்கோட்டைத் தெரிவுசெய்து 'ஏரியா' பாருங்கள். ஒரு பேர்ச் 25.29 சதுர மீட்டர், ஆக 303.5 சதுர மீட்டர். மில்லிமீட்டர்க் கோப்பில் 303 மில்லியனை ஒட்டி வர வேண்டும். வந்தால் பெருக்கல் சரி.

கிண்ணியாக் காக்கா (8.30)
கூட்டத்தோடு ஒரு கேள்வி. சேவையர் மீட்டரில் தருகிறார், படவரைஞர் மில்லிமீட்டரில் வரைகிறார், உறுதியில் பேர்ச், மேசனின் கையில் அடி நாடா. எல்லாவற்றையும் அடியில் வரைந்தால் என்ன குறைந்துபோகும்? நான் இன்றுவரை 'எட்டடிக்கு ஓர் அங்குலம்' என்றுதான் கேட்டு வாங்குகிறேன்.

பாலையூற்று (8.41)
சபைக்கு 1:100-இல் கொடுக்கும் படத்துக்கு அது ஒத்துவராது, காக்கா. எட்டடிக்கு ஓர் அங்குலம் என்றால் 1:96. அந்தத் தாளை ஒருவர் 1:100 அடிமட்டத்தால் அளந்தால் 30 அடிச் சுவர் 31 அடி 3 அங்குலம் என்று காட்டும். பக்கத்து எல்லையோடு ஏற்கெனவே நெருக்கம் என்றால் அந்த ஒன்றேகால் அடிக்கே வழக்கு வரும்.

கிண்ணியாக் காக்கா (8.49)
அளக்கிறவர் சரியான அடிமட்டத்தை எடுக்க வேண்டும். அதற்கு அடி என்ன செய்யும்? உங்கள் மில்லிமீட்டர்க்காரர்கள் செய்வதைச் சொல்கிறேன். வீட்டுக்காரர் பத்தடி அறை கேட்கிறார். வசதிக்கு 3000 என்று வரைகிறார்கள். பத்தடி 3048. 48 மில்லிமீட்டர், இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அலுமாரி செய்து கொண்டுவந்த பிறகுதான் தெரியும் எங்கே போனதென்று. சீமெந்துக் கல்லும் 6 அங்குலம் என்றுதான் விற்கிறார்கள், 150 என்று எவரும் கேட்டு வாங்குவதில்லை.

சீனன்குடாச் சிறகு (9.05)
சுவருக்குப் பூச்சு இருக்கிறதே, காக்கா. இரண்டு பக்கமும் பூசினால் எல்லாக் கணக்கும் மாறும்.

கிண்ணியாக் காக்கா (9.08)
அதைத்தான் சொல்கிறேன். பூச்சும் போய், 48-உம் போனால் மிச்சம் என்ன?

முக்கோணமட்டம் (9.20)
நாடு மெட்ரிக்குக்கு மாறி எத்தனையோ ஆண்டுகள். இன்னும் அடிக்கணக்கு. இதனால்தான் நம் ஊரில் சாளரம் ஒன்றும் சட்டத்தில் பொருந்துவதில்லை.

நிலாவெளி மணல் (9.26)
ஸ்வீட் ஹோம் 3டியில் அடியையும் மீட்டரையும் விருப்பத்தேர்வில் மாற்றிக்கொள்ளலாம். சொன்னால் ஒருவரும் கேட்பதில்லை.

தம்பலகாமம் வயல் (9.33)
படம் எந்த அளவில் இருந்தாலும் மேசன் தன் கையாலும் ஒருமுறை அளப்பார். வீடு நிற்பது அதில்தான். அச்சுக்கடையில் மட்டும் கவனம், தம்பி. பி.டி.எஃப்.ஐக் கொடுத்தால் தாளுக்குள் அடங்கும்படி சுருக்கி அடித்துவிடுவார்கள். 'உள்ள அளவில் அடியுங்கள்' என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

சங்கிலியும் கம்பும் (9.40)
வயல் அண்ணா சொன்னது மிகவும் சரி. வெளியே வருமுன் 10 மீட்டர் நீளமான ஏதாவது ஒரு கோட்டைத் தாளில் அளந்து பாருங்கள். 1:100 என்றால் 100 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 97, 98 என்று வந்தால் பணம் கொடுக்காமல் திருப்பி அடிக்கச் சொல்லுங்கள்.

உவர்மலைத் தம்பி (ஞாயிறு, இரவு 8.15)
சரியாகிவிட்டது. ஹேட்ச் நிரம்புகிறது. இருவர் சொன்னதையும் செய்தேன், யு.சி.எஸ்.ஸும் மூவும். எல்லோருக்கும் நன்றி.

முக்கோணமட்டம் (8.19)
யு.சி.எஸ். என்று நான் சொன்னேன்.

சங்கிலியும் கம்பும் (8.44)
தம்பி, எதை முதலில் செய்தீர்கள்? யு.சி.எஸ்.ஸை மாற்றிவிட்டு அதன்பின் #0,0 கொடுத்திருந்தால் அந்தப் பூச்சியம் புதிய மூலத்தின் பூச்சியம், காணி மூலையேதான். படம் ஓர் அங்குலமும் நகர்ந்திருக்காது. ஹேட்ச் மட்டும் யு.சி.எஸ். தயவில் நிரம்பியிருக்கும். யு.சி.எஸ்.ஸை 'வேர்ல்ட்' நிலைக்குத் திருப்பி மறுபடி ஐ.டி. போட்டுப் பாருங்கள். ஒன்பது இலக்கம் வந்தால், இந்த முறை அடுத்த புள்ளிக்கு *0,0 என்று நட்சத்திரக்குறியோடு கொடுங்கள். ஸ்கெச்சப்பில் குசினி இப்போது முழுதாகத் தெரிகிறதா?

பாலையூற்று (திங்கள், மாலை 5.10)
தம்பி? சபையில் எடுத்தார்களா?

கிண்ணியாக் காக்கா (5.32)
எடுத்திருப்பார்கள். மேசனுக்கு அடியில் ஒரு பிரதி அடித்துக் கொடுங்கள், தம்பி.

முக்கோணமட்டம் (5.40)
அடியில் வேண்டாம்.