கொட்டாய் குழு: ஐப்பசி மழையிலிருந்து தைப்பூசம் வரை

(புலனக் (வாட்ஸ்அப்) குழு: மலேசியா, பினாங்கு மாநிலத்தின் சுங்கை பாக்காப் – ஜாவி – நிபோங் திபால் குடும்பம்)

குமரன், காலை 6:12
எல்லாருக்கும் வணக்கம். ராத்திரி பூரா மழை. மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால கணுக்கால் அளவு சேறு. கறவை எட்டுல செவலைக்கு மட்டும் பின் இடது காம்புல பால் திப்பி திப்பியா வருது. அந்தப் பக்கம் மடி சூடா இருக்கு. தீனி எடுக்குது. என்ன செய்யட்டும்?

பெரியப்பா, 6:14
மத்த ஏழையும் முதல்ல கறந்து முடி தம்பி. செவலை கடைசி. அதுக்குத் துணி, வாளி எல்லாம் தனி. அந்தப் பாலைத் தரையில பீச்சாதே. சாணக் குழியில ஊத்து.

குமரன், 6:15
கன்னுக்குக் குடுக்கலாமா?

பெரியப்பா, 6:15
கூடவே கூடாது.

மாலா அக்கா, 6:21
சிஎம்டி தட்டு, அதான் மடிநோய் சோதிக்கிற நாலு கிண்ணத் தட்டு, இருக்கா? நாலு காம்பையும் பாரு. ஒவ்வொரு கிண்ணத்துலயும் அரைத் தேக்கரண்டி பால், அதே அளவு மருந்து, பத்து விநாடி வட்டமா ஆட்டு. தண்ணியா ஓடினா நல்ல பால். சளி மாதிரி இழுத்து நடுவுல மேடு கட்டினா அந்தக் காம்புல மடிநோய். மத்த ஏழையும் இப்படியே சோதிச்சிடு. திப்பி தெரியாத மடிநோய்தான் சத்தமில்லாம பாலைக் குறைக்கும்.

மாலா அக்கா, 6:23
வெட்டரினார் ஆபீஸ் (கால்நடை டாக்டர் ஆபீஸ்) திறந்ததும் கூப்பிடு. காம்பு வழியா ஏத்துற கிருமிக்கொல்லி மருந்து டியூபை நீயா வாங்கி ஏத்தாதே. ஏத்தச் சொன்னா காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால துடைச்சு, முனையைக் கொஞ்சமா மட்டும் நுழை. சொன்ன நாள் முழுக்க போடணும். திப்பி நின்னுடுச்சேன்னு பாதியில விட்டா திரும்ப வரும். லேபல்ல எத்தனை நாள் பால் விக்கக் கூடாதுன்னு போட்டிருக்கும், கடைசி டியூப்லேருந்து எண்ணு. அந்தப் பால் ஒரு வாளி கலந்தாலும் வாங்குறவங்க வீட்டுல தயிர் உறையாது.

சாந்தி அத்தை, 6:40
மழைக் காலத்துல இது வரத்தான் செய்யும் குமரா. கறந்து அரை மணி நேரம் காம்பு ஓட்டை திறந்தே இருக்கும். மாடு உடனே சேத்துல படுத்தா கிருமி நேரா உள்ள போயிடும். அதனால காம்பை அயோடின்ல முக்கினதும் தீனித் தொட்டி நிறைய புல்லைப் போடு. நின்னு தின்னும், படுக்காது. கறக்குறதுக்கு முன்னாடி மடி முழுக்க ஹோஸ் அடிக்காதே. அழுக்குத் தண்ணி வழிஞ்சு காம்பு நுனியிலதான் நிக்கும். காம்பை மட்டும் கழுவி, மாட்டுக்கு ஒரு துணியில துடை.

ரவி அண்ணன், 6:52
குளம்பையும் தூக்கிப் பாரு. நொண்டினா, இரண்டு குளம்புக்கு நடுவுல வீங்கி நாத்தம் அடிச்சா குளம்பழுகல். வாசல்ல குளம்புத் தொட்டி வை. 100 லிட்டர் தண்ணிக்கு 5 கிலோ மயில்துத்தம், கடையில தெருசின்னு கேட்டா குடுப்பாங்க. முதல்ல வெறும் தண்ணியில காலைக் கழுவிட்டு நடக்க விடு. சாணியோட இறங்கினா மருந்து வீண். பழைய தண்ணியைக் காவாயில விடாதே, மீன் செத்துப் போகும்.

குமரன், 6:58
மழையில நேப்பியர் புல் நல்லா வளர்ந்திருக்கு. ஆனா சாணி ரொம்ப இளகலா போகுது அண்ணே.

பெரியப்பா, 7:03
இளம்புல், தண்ணி அதிகம். வயிறு நிறையும், சத்து நிறையாது. பாலும் கொழுப்பு குறைஞ்சு மெலிசாகும். 45 நாள் வளர விடு. வெட்டினதை மழை படாத இடத்துல அரை நாள் வாடப் போட்டு, அப்புறம் நறுக்கிப் போடு. 400 கிலோ மாட்டுக்கு நாளுக்கு 40 கிலோ பச்சைப் புல். கலப்புத் தீனி ரெண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ கணக்கு.

பெரியப்பா, 7:04
செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துல புல் வெட்டுறதா இருந்தா மண்டோர்கிட்ட (தோட்டத்து மேற்பார்வையாளர்கிட்ட) கேட்டுட்டு வெட்டு. மழை விட்டதும் களைக்கொல்லி அடிப்பாங்க.

மாலா அக்கா, 7:10
பிகேசி (செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு) மூட்டையைத் தரையில வைக்காதே. பாலேட் (மூட்டை அடுக்குற மரச் சட்டம்) மேல, சுவத்தை ஒட்டாம அடுக்கு. மூட்டைக்குள்ள முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பாரு. நடுவுல சூடா இருந்தாலோ, கட்டி கட்டியா தட்டுப்பட்டாலோ ஈரம் ஏறிடுச்சு. பச்சைப் பூசணம் பூத்ததைத் தட்டிட்டு மிச்சத்தைப் போடக் கூடாது, மூட்டையையே ஒதுக்கு. தௌஃபூ பட்டறையிலேருந்து வர்ற சோயா சக்கை அன்னிக்கே தீரணும். மறுநாள் புளிச்சுடும்.

ரவி அண்ணன், 7:12
பக்கத்து வீட்டுக்காரர் செம்மறி ஆட்டுக்குப் பிகேசி கேட்டா குடுக்காதே தம்பி. அதுல செம்புச் சத்து அதிகம். மாடு தாங்கும், செம்மறிக்கு ஈரல்ல தங்கிக் கொன்னுடும்.

குமரன், 7:20
சரி அண்ணே. அத்தை, பால்குடத்துக்கு இப்பவே கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. பூசத்துக்குப் பால் பத்துமா?

சாந்தி அத்தை, 7:31
அது சினை ஊசி போடும்போதே முடிவாயிடும்பா. சினை ஏறக்குறைய 280 நாள். மாசியில ஊசி போட்டா கார்த்திகையில கன்னு. கன்னு போட்டு ஆறு, எட்டு வாரத்துல பால் உச்சத்துக்கு வரும். அது சரியா தையில விழும். கார்த்திகையில ஈனப் போறது எத்தனை?

குமரன், 7:32
ரெண்டு. கருப்பி, வெள்ளச்சி.

சாந்தி அத்தை, 7:36
ரெண்டையும் ஈனுறதுக்கு 60 நாள் முன்னாடி பால் வத்த வச்சிருக்கணும். இன்னும் கறக்குறியா? அப்படின்னா இன்னிக்கே கலப்புத் தீனியைக் குறைச்சு, கறக்குறதை நிறுத்து. மடிக்கு ஓய்வு இல்லன்னா அடுத்த ஈத்துல பால் குறையும், சீம்பாலும் நல்லா இருக்காது. மழையில பிறக்கிற கன்னுக்கு அந்தச் சீம்பால்தான் காவல். 30 கிலோ கன்னுன்னா 3 லிட்டர், ஆறு மணி நேரத்துக்குள்ள. அதுல பாதி முதல் ரெண்டு மணி நேரத்துலயே உள்ள போகணும். தொப்புள்கொடியை அயோடின்ல முக்கு. காஞ்ச வைக்கோல்ல படுக்க வை.

பெரியப்பா, 7:44
தை மாசம் இங்க வெயில் காலம், அதையும் யோசி. சூட்டுல மாடு பகல்ல திங்காது, பால் இறங்கும். தோல் நனையற மாதிரி தண்ணி விட்டு, அப்புறம் ஃபேன் போடு. காத்து இல்லாம சும்மா பனி மாதிரி தெளிச்சா கொட்டாயே புழுங்கும். முக்கால் பங்கு புல்லை ராத்திரியில போடு. குடிதண்ணித் தொட்டி காலியா இருக்கவே கூடாது.

மாலா அக்கா, 7:50
பால்குடப் பாலுக்கு முதல் நாள் சாயங்காலப் பாலோட காலைப் பாலைச் சேர்க்காதே. சூட்டுப் பாலை ஊத்தினா ஆறின பாலும் கெட்டுடும். கேனை ஐஸ் தண்ணியில வை. வெளித் தண்ணி மட்டம் உள்ள இருக்குற பால் மட்டத்துக்கு மேல இருக்கணும். எவர்சில்வர் கரண்டியால அப்பப்ப கலக்கு. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வேண்டிக்கிட்டு நடக்குறவங்க தலையில ஏத்துற பால். வழியிலயே திரிஞ்சா அவங்க மனசு எவ்வளவு சங்கடப்படும்!

குமரன், 8:05
சிஎம்டி பாத்துட்டேன் அக்கா. செவலை பின் இடதுல கெட்டியா மேடு கட்டுது. கருப்பிக்கு முன் வலதுல லேசா இழுக்குது. மத்தது எல்லாம் தண்ணியா இருக்கு.

மாலா அக்கா, 8:07
கருப்பியா! வத்த வைக்குற நேரத்துல கண்டுபிடிச்சது நல்லதாப் போச்சு. டாக்டர்கிட்ட ரெண்டையும் சொல்லு. வத்த வைக்கும்போது போடுற டியூப் வேற, கறவையில போடுறது வேற. எது எதுக்குன்னு கேட்டு எழுதி வச்சுக்கோ.

பெரியப்பா, 8:09
ரெண்டு மாட்டுக்கும் பின்கால்ல சிவப்புத் துணி கட்டு. சாயங்காலம் வேற யாராவது கறந்தா தெரியாம நல்ல பாலோட சேர்த்துடுவாங்க.

குமரன், 8:16
கட்டிட்டேன் பெரியப்பா. பத்து மணிக்கு வரேன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.