சி.எம்.இ. நேரத்தில் பாதியை வட்ட மருத்துவமனைக்கு மாற்றலாமா? டெல்டா மருத்துவர்களின் விவாதம்

குடமுருட்டி (பொது மருத்துவர், அரசுப் பணி, தஞ்சை மாவட்டம்)

பதிவுபெற்ற மருத்துவர் ஐந்தாண்டுகளில் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வியில் (சி.எம்.இ.) பங்கேற்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகள் கூறுகின்றன. அந்த நேரத்தை நம் பகுதியில் எவ்வாறு நிரப்புகிறோம் என்பது அனைவருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை, தஞ்சாவூரிலோ திருச்சியிலோ ஒரு ஹோட்டல் அரங்கம், சென்னையிலிருந்து வந்த நிபுணரின் உரை, மதியச் சாப்பாடு, சான்றிதழ். சர்க்கரை நோய்க்கான புதிய மாத்திரைகளைப் பற்றி அங்கே தெரிந்துகொள்கிறோம். அது வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நடவு, களையெடுப்பு, அறுவடை என்று வயலில் ஆள் இறங்கும் மாதங்களில் நம் வாசலுக்கு வருவது பாம்புக்கடியும் பூச்சிமருந்து குடித்தவர்களும்தான். இவற்றை நாற்காலியில் அமர்ந்து கேட்டுக் கற்க முடியாது.

என் யோசனை இதுதான்: 30 மணியில் 15 மணி நேரமாவது வட்ட அரசு மருத்துவமனைகளில், அங்கே உண்மையில் இருக்கும் கருவிகளையும் மருந்துகளையும் கொண்டு, செவிலியர்களுடன் சேர்ந்து செய்முறையாக நடக்க வேண்டும். அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் இரு தரப்புக்கும் இது கட்டாயமாக வேண்டும்.

வெண்ணாறு (தனியார் மருத்துவமனை, மன்னார்குடி)

குடமுருட்டி அவர்களின் நோக்கத்தை மதிக்கிறேன், கட்டாயத்தை ஏற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கேலி செய்வது எளிது. தனியாக கிளினிக் நடத்தும் ஒருவர், தாம் படித்த காலத்துக்குப் பிறகு மாறிய சிகிச்சை முறைகளை அறிந்துகொள்ள வேறு வழி என்ன இருக்கிறது? அங்கே அறிமுகமான இதயநோய் நிபுணரின் கைபேசி எண் இருப்பதால்தான், மாரடைப்புடன் வருபவரை எங்கே அனுப்புவது என்று நான் தடுமாறுவதில்லை. இதற்குச் சான்றிதழ் கிடையாது. ஆனால் பயன் உண்டு.

மேலும், பாம்புக்கடி என்றால் மக்கள் பெரும்பாலும் அரசு மருத்துவமனைக்கே செல்கிறார்கள். நஞ்சுமுறி மருந்து அங்கே இலவசம். தோல் மருத்துவரையும் கண் மருத்துவரையும் அங்கே வரச் சொல்லி ஊசி குத்தப் பழக்குவதால் யாருக்கு என்ன நன்மை?

வெட்டாறு (மருத்துவக் கல்லூரி ஆசிரியர்)

இருவரும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். இத்தகைய கூட்டங்களும் பயிலரங்குகளும் மருத்துவரின் நடைமுறையை மாற்றுகின்றனவா என்று 81 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மீளாய்வு 2009-இல் வெளிவந்தது. எதிர்பார்த்த நடைமுறையைப் பின்பற்றுவதில் கிடைத்த முன்னேற்றத்தின் இடைநிலை அளவு 6 விழுக்காடு மட்டுமே. உரையும் பங்கேற்பும் கலந்த வகுப்புகள் தனி உரையைவிட மேலான பலன் தந்தன. சிக்கலான நடைமுறைகளில் பலன் குறைந்தது. ஆகவே வெண்ணாறு அவர்களின் கூட்டமும் வெறும் சடங்கல்ல, குடமுருட்டி அவர்களின் பயிலரங்கும் மந்திரமல்ல.

இன்னொன்று: மூச்சளிக்கும் பையை முகத்தில் காற்று கசியாமல் பொருத்துவது, நெஞ்சழுத்தம் கொடுப்பது போன்ற கைத்திறன்கள் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கிவிடும். ஐந்தாண்டுகளில் இரண்டு நாள் மொத்தமாகப் பழகிவிட்டுப் போவதால் மிஞ்சுவது புகைப்படம்தான். செய்வதானால் மாதம் ஒருமுறை, அரை மணி நேரம், பணியிடத்திலேயே செய்ய வேண்டும்.

அரசலாறு (செவிலியர், அரசு மருத்துவமனை, கும்பகோணம் பகுதி)

மருத்துவர்கள் 30 மணி நேரத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள். பதிவைப் புதுப்பிக்க எங்களுக்கு இந்திய செவிலியர் மன்றம் வைத்திருக்கும் கணக்கு ஐந்தாண்டுகளுக்கு 150 மணி நேரம். அதைப் பெரும்பாலும் எங்களுக்கென்று தனியாக நடக்கும் வகுப்புகளில் முடிக்கிறோம். நீங்கள் உங்களுக்கென்று நடக்கும் வகுப்புகளில் முடிக்கிறீர்கள். பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு நிற்காத ஒரு தாயின் கட்டிலருகே இரு தரப்பும் முதன்முறையாகச் சந்திக்கிறோம். அந்த நேரத்தில் யார் கருப்பையை அழுத்திப் பிடிப்பது, யார் இரண்டாவது ஊசி வழியைத் திறப்பது, இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் முதல் 3 மணி நேரத்துக்குள் போக வேண்டும் என்று யார் கடிகாரத்தைப் பார்ப்பது என்பதெல்லாம் முன்பே பேசி வைத்திருக்க வேண்டியவை. தனித்தனியாக நூறு மணி நேரம் கற்றாலும் இது வராது.

பயிற்சிக்கு அனுப்பும் முறையையும் சொல்ல வேண்டும். ஒரு மருத்துவமனைக்கு ஒருவர் என்று அழைப்பு வரும்; பெரும்பாலும் இரவுப் பணி முடித்தவரே போவார், ஏனென்றால் பகலில் வார்டை விட முடியாது. அவர் பச்சிளங்குழந்தைக்கு மூச்சளிக்கக் கற்று வந்த அடுத்த மாதம், சுழற்சியில் ஆண்கள் வார்டுக்கு மாற்றப்படுவார். பயிற்சி வீணானது யார் குற்றம்?

பாமணி (ஆய்வக நுட்பநர்)

மருத்துவரும் செவிலியரும் சேர்ந்து பழக வேண்டும் என்று சொல்பவர்கள் ஆய்வகத்தை மறந்துவிடுகிறார்கள். கண்ணாடி விரியன் போன்ற பாம்புகளின் கடியில் இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனைக்குத் தேவை ஒரு சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய். 2 மில்லி இரத்தத்தை அதில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்ப்பது, அவ்வளவுதான். பிளாஸ்டிக் குழாயில் செய்தாலோ, சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடிக் குழாயில் செய்தாலோ, நஞ்சே ஏறாதவருக்கும் இரத்தம் உறையாதது போலத் தெரியும். இடையில் யாராவது எடுத்து ஆட்டிப் பார்த்தாலும் முடிவு கெடும். நான் கண்ட வகுப்புகளில் இதற்கு ஒரு படம் காட்டுவார்கள், குழாயைக் கொண்டுவருவதில்லை.

குடமுருட்டி

பாமணி சொன்னதுதான் நான் விரும்பும் பயிலரங்கு. முதலில் அலமாரியைத் திறந்து கண்ணாடிக் குழாய் இருக்கிறதா என்று பார்ப்போம். இல்லையென்றால் அன்றே எழுதி வாங்குவோம்.

வெண்ணாறு அவர்களுக்கு: தோல், கண் மருத்துவர்களை விலக்கிவிடலாம், அதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் பாம்புக்கடி அரசு மருத்துவமனைக்கே வரும் என்ற தங்கள் கூற்று, கடித்தது தெரிந்தவர்களுக்கு மட்டுமே பொருந்தும். கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வீக்கம் இருக்காது, பல் தடமும் சில நேரம் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்து, அருகிலிருக்கும் தனியார் கிளினிக்குக்குத்தான் அவர் போவார். வாயுத் தொல்லை என்று ஓர் ஊசி போட்டு அனுப்பப்பட்டால், நஞ்சால் தசை தளர்ந்து இமை சரிவதை வீட்டார் தூக்கக் கலக்கம் என்றே நினைப்பார்கள். இமையைத் தூக்கச் சொல்லிப் பார்க்கவும், கழுத்தை உயர்த்தச் சொல்லவும் பழக வேண்டியவர், அந்த முதல் மருத்துவர்தான். வேதாரண்யம் பக்கத்திலிருந்து திருவாரூர் மருத்துவக் கல்லூரி வரை 108 வண்டியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை மூச்சு நின்றுவிடாமல் மூச்சளிக்கும் பையை அழுத்தத் தெரிந்த கை ஒன்று உடன் வர வேண்டும்.

நஞ்சுமுறியிலும் இப்படித்தான். குழந்தை என்பதால் குப்பிகளைக் குறைத்துப் போடும் பழக்கம் இன்னும் முற்றாகப் போகவில்லை. பாம்பு செலுத்திய நஞ்சு ஆளின் எடையைப் பார்த்துக் குறைவதில்லை. குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான். ஒவ்வாமை வந்தால் தொடையில் அட்ரினலின் என்று எல்லோருக்கும் தெரியும்; ஆனால் ஊசியில் முன்பே ஏற்றிக் கட்டிலருகே வைத்துக்கொண்டு தொடங்குபவர் எத்தனை பேர்? பூச்சிமருந்து நஞ்சில், கண்மணி விரிந்துவிட்டது என்று முறிமருந்தான அட்ரோபினை நிறுத்துபவர்களையும் காண்கிறோம். பார்க்க வேண்டியது நெஞ்சில் நீர் ஒலி நின்றதா என்பதை. இவையெல்லாம் உரையிலும் சொல்லப்படுபவைதான். சொல்லப்பட்டும் ஏன் நடக்கவில்லை என்பதே என் கேள்வி.

வெட்டாறு அவர்கள் சொன்ன மாதாந்தர அரை மணி நேரத்தை முழுமையாக ஏற்கிறேன். ஐந்தாண்டுகளுக்கு அது 30 மணி நேரம் வருகிறது. 15 போதும் என்று சொன்ன நான் குறைவாகக் கேட்டுவிட்டேன் போலும்.

வெண்ணாறு

கட்டுவிரியன் பற்றிச் சொன்னது சரி. அதை மறுக்க மாட்டேன். ஆனால் இந்த அரை மணி நேரத்தைக் கணக்கில் ஏற்பது யார்? நிகழ்ச்சியை நடத்துபவர் தமிழ்நாடு மருத்துவ மன்றத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பித்து, அங்கீகாரம் பெற்ற பிறகுதான் அதற்கு நேரம் வழங்கப்படுகிறது. மாதம் ஒரு விண்ணப்பம் எழுத எந்த வட்ட மருத்துவமனையில் ஆள் இருக்கிறார்?

பணத்தைப் பற்றியும் யாரும் பேசவில்லை. மருந்து நிறுவனங்கள் மருத்துவருக்குப் பயணச் செலவும் விருந்தோம்பலும் தருவது அந்த 2002 விதிகளின் 2009 திருத்தத்திலேயே தடை செய்யப்பட்டது. 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் அவர்களது ஆதரவில் நடக்கும் கல்வி நிகழ்ச்சியையே விலக்கின. அதே மாதம் அவை நிறுத்தி வைக்கப்பட்டன. 2024 மார்ச்சில் மருந்து நிறுவனங்களுக்கென்று வந்த சந்தைப்படுத்தல் நெறிமுறை, நிபந்தனைகளுடன் மீண்டும் இடம் தருகிறது. எனவே அரங்கக் கூட்டத்துக்குப் புரவலர் கிடைப்பார். கண்ணாடிக் குழாய்க்கும் மூச்சளித்துப் பழகும் பொம்மைக்கும் எந்த நிறுவனம் வரும்? அதில் விற்பதற்கு எதுவும் இல்லை.

வெட்டாறு

தங்கள் கடைசி வாக்கியம் தங்கள் தரப்புக்கே எதிரானது, ஐயா. எதற்குப் புரவலர் கிடைக்கிறாரோ அதையே நாம் கற்கிறோம் என்றால், பாடத்திட்டத்தை எழுதுவது யார்? பொம்மை எங்கள் கல்லூரிகளின் திறன் ஆய்வகங்களில் இருக்கிறது. தஞ்சை, திருவாரூர், நாகை மூன்று இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும்போது, சுழற்சியில் ஒன்றை வட்ட மருத்துவமனைக்கு அனுப்புவது பெரிய செலவல்ல. விண்ணப்பத்தையும் ஆண்டு முழுவதற்கும் ஒரே தொடராகக் கல்லூரியே எழுதிக்கேட்கலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. நோயாளி வாசலுக்கு வந்த நேரம், நஞ்சுமுறியின் முதல் குப்பி ஏறிய நேரம் இரண்டையும் பயிற்சிக்கு முந்தைய ஆறு மாதமும் பிந்தைய ஆறு மாதமும் குறிக்க வேண்டும். கையெழுத்துப் பதிவேட்டை மட்டும் காட்டி வெற்றி என்று சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன்.

அரசலாறு

நேரத்தை நாங்கள் குறித்துத் தருகிறோம். பயிற்சியை மட்டும் மதியம் 2 மணிக்கு வையுங்கள். காலைப் பணியில் இருப்பவர்களும் மதியப் பணிக்கு வருபவர்களும் ஒன்றாக இருக்கும் வேளை அது. மூன்று மாதங்களுக்காவது பிரசவ அறையில் பயின்றவரை அங்கிருந்து மாற்றக் கூடாது என்று கண்காணிப்பாளரிடம் எழுதி வாங்குவது மருத்துவர்களால் முடியும், எங்களால் முடியாது.

வெண்ணாறு

கட்டாயம் என்று தீர்மானம் வந்தால் சங்கத்தில் எதிர்த்தே பேசுவேன். விருப்பமுள்ளவர்களைக் கொண்டு ஓராண்டு நடத்திப் பார்க்காமல் எவர் மீதும் சுமத்துவது முறையல்ல. மன்னார்குடியில் முதல் மதியம் என்று நடக்கிறது எனத் தெரிவியுங்கள். எங்கள் இரவுப் பணிச் செவிலியர் இருவரும் அன்று விடுப்புக் கணக்கில் இல்லாமல், பணிக் கணக்கிலேயே வருவார்கள்.