அசிட்ரோம் போடுறவங்க பச்சைப் பூண்டு சாப்பிட்டா மாத்திரையைக் குறைக்கலாமா?

மேல்மலை_மருமகள்:
மாமாவுக்கு 61 வயசு. இதயத்துல மைட்ரல் வால்வை மாத்தி மெட்டல் வால்வு வச்சிருக்கு. ரத்தம் கட்டிக்காம இருக்க தினம் ராத்திரி 8 மணிக்கு அசிட்ரோம் மாத்திரை 3 மி.கி. ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகுதுன்னு காட்டுற டெஸ்ட் எண்) 2.5லேர்ந்து 3.5க்குள்ள இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். போன மாசம் 2.9. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர், "நம்ம மலைப்பூண்டே ரத்தத்தை இளக்கும், மாத்திரை எதுக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அதிலேர்ந்து காலையில வெறும் வயித்துல அஞ்சு பல் பூண்டை நசுக்கித் தேன்ல குழைச்சு விழுங்குறார். மூணு நாளா மாத்திரை பாதிதான். மூட்டுவலிக்குக் காலையும் ராத்திரியும் விண்டர்கிரீன் தைலம் வேற. எதை நிறுத்தணும், எதை விடலாம்?

மருந்தாளுநர்_வத்தலக்குண்டு:
முதலில் மாத்திரை. இன்று இரவே முழு 3 மி.கி. போடச் சொல்லுங்கள். விட்டுப்போன பாதிகளைச் சேர்த்து இரட்டிப்பாகப் போடக் கூடாது. மூன்று நாள் பாதி போட்டதை இதய டாக்டரிடம் இன்றைக்கே போனில் சொல்லி, எப்போது ரத்தம் எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். அசிட்ரோம் உடம்பில் வெகுநேரம் தங்காத மருந்து. குறைத்தால் ஓரிரு நாளிலேயே ஐ.என்.ஆர். இறங்கிவிடும். மெட்டல் வால்வின் "டிக் டிக்" ஓசை மங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ போனில் பேசிக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

பூண்டும் மாத்திரையும் ஒரே வேலையைச் செய்வதில்லை. வைட்டமின் கே-யை வைத்துக் கல்லீரல் செய்யும் உறைவுக் காரணிகளை, அதாவது ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் குறைப்பது அசிட்ரோம். பச்சைப் பூண்டு தட்டணுக்களின் (காயத்தில் ஒன்றோடொன்று ஒட்டி ரத்தத்தை அடைக்கும் நுண்ணணுக்கள்) ஒட்டும் தன்மையைக் கொஞ்சம் தளர்த்தும், அவ்வளவுதான். மெட்டல் வால்வில் ரத்தக்கட்டி சேராமல் காக்க அது போதாது. ஆஸ்பிரின் மட்டும் கொடுத்தாலே போதாது. இதில் இன்னொரு சிக்கல், ஐ.என்.ஆர். சோதனை உறைவுக் காரணிகளை மட்டும்தான் பார்க்கும், தட்டணுக்களைப் பார்க்காது. ரிப்போர்ட்டில் 3.0 என்று அழகாக இருக்கும். ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். "ஐ.என்.ஆர். நார்மல்தானே, பூண்டு ஒத்துக்கொள்கிறது" என்று பலரும் ஏமாறுவது இங்கேதான்.

விண்டர்கிரீன் தைலத்தை இன்றே எடுத்து வைத்துவிடுங்கள். பூண்டைவிட எனக்கு அதுதான் பயம். கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் உறவு. தேய்த்தால் தோல் வழியாக ரத்தத்தில் கலந்து ஐ.என்.ஆரை ஏற்றும். சூடாக ஒத்தடம் கொடுத்து மேலே துணி சுற்றினால் தைலம் இன்னும் வேகமாக உள்ளே போகும். பாட்டிலில் என்ன எழுதியிருந்தாலும் அயோடெக்ஸ் வாசனை அடித்தால் சந்தேகப்படுங்கள். யூகலிப்டஸ் தைலத்தின் வாசனை வேறு, அதில் சாலிசிலேட் இல்லை. ஆனால் கடைகளில் இரண்டையும் கலந்து விற்பதும் உண்டு. குழந்தைகள் உள்ள வீடு என்றால் பூட்டி வையுங்கள்: ஒரு டீஸ்பூன் விண்டர்கிரீன் சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம்.

சித்தமருத்துவர்_பழநி:
மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். பூண்டையே விலக்கச் சொல்ல மாட்டேன். அளவும் பக்குவமும்தான் விஷயம். நசுக்கிப் பத்து நிமிடம் வைத்தால் பூண்டின் காரமான மருந்துப்பொருளான அல்லிசின் முழுதாக உண்டாகிவிடும். அதைப் பச்சையாக விழுங்குவது மருந்தளவு. நசுக்காமல் முழுப் பல்லாகக் குழம்பிலோ பாலிலோ வேகவைத்தால் அல்லிசினை உண்டாக்கும் நொதி சூட்டில் அழிந்துவிடும். குழம்பில் இரண்டு மூன்று பல் வெந்து கிடப்பது உணவு, தாராளமாகச் சாப்பிடட்டும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் கொடைக்கானல் மலைப்பூண்டு காரம் மிகுந்தது. பச்சையாக ஐந்து பல் என்பது வயிற்றையும் புண்ணாக்கும்.

மூட்டுக்கு நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி, கை பொறுக்கும் சூட்டில் ஒத்தடம் கொடுங்கள். "மூலிகை" என்று பெயர் மட்டும் சொல்லி, பட்டியல் தராமல் பொட்டலமாகத் தரும் மூட்டுவலிப் பொடி வேண்டாம். அதில் ஸ்டீராய்டும் வலிமாத்திரையும் கலந்திருப்பது அடிக்கடி பிடிபடுகிற சங்கதி. யார் எதைக் கொடுத்தாலும், நான் கொடுத்தாலும், அதை ஐ.என்.ஆர். நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். ஒரே வாரத்தில் இரண்டு புதுப் பொருளை ஆரம்பித்தால் எது ஏற்றியது, எது இறக்கியது என்று யாராலும் சொல்ல முடியாது.

மேல்மலை_மருமகள்:
நன்றி டாக்டர். இன்னிக்கு முழு மாத்திரை போட வச்சிட்டேன். கீரை, கோஸ் எல்லாம் நிறுத்தணுமா? தோட்டத்துல கோஸ்தான் நிறைய. அப்புறம், வலி தாங்கலைன்னா ஊசி போட்டுக்கலாமா?

மருந்தாளுநர்_வத்தலக்குண்டு:
நிறுத்த வேண்டாம், ஒரே சீராக இருக்கட்டும். அடர்பச்சைக் கீரையில் வைட்டமின் கே அதிகம், கோஸில் நடுத்தரம், கேரட்டிலும் உருளைக்கிழங்கிலும் சொற்பம். வாரம் மூன்று நாள் கோஸ் என்றால் எல்லா வாரமும் மூன்று நாள். அறுவடை வாரத்தில் தினம் கோஸ், அடுத்த வாரம் அறவே இல்லை என்றால்தான் எண் தாறுமாறாக ஆடும்.

இடுப்பில் ஊசி வேண்டவே வேண்டாம், தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். டைக்ளோஃபெனாக் வலிமாத்திரையும் கூடாது. பாராசிட்டமால் 500 அவ்வப்போது ஒன்று போடலாம். தினம் நான்கு வீதம் மூன்று நாளைத் தாண்டினால் அதுவும் ஐ.என்.ஆரை ஏற்றும், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மலம் தார் மாதிரி கறுத்தாலோ, சிறுநீர் டீ நிறத்தில் போனாலோ, கீழே விழுந்து தலையில் அடிபட்டாலோ (காயமே தெரியாவிட்டாலும்) உடனே ஆஸ்பத்திரி.

லேப்_அண்ணன்:
தங்கச்சி, ரத்தம் கொடுக்கும்போது ரெண்டு விஷயம் பாருங்க. நீல மூடி டியூப்ல கோடு வரைக்கும் ரத்தம் இருக்கணும். உள்ள இருக்கிற சிட்ரேட் (ரத்தம் உறையாம தடுக்கிற திரவம்) ஒரு பங்குக்கு ரத்தம் ஒன்பது பங்கு. குறைஞ்சா ஐ.என்.ஆர். பொய்யா ஏறிக் காட்டும், அதை நம்பி மாத்திரையைக் குறைச்சிடுவாங்க. மலை மேலே ரத்தம் எடுத்து திண்டுக்கல், மதுரைன்னு கீழே அனுப்புற இடம்னா, டியூபை ஐஸ் பெட்டியில வைக்காம சாதா அறைச் சூட்டுல கொண்டு போகச் சொல்லுங்க. குளிர்ல ஏழாவது உறைவுக் காரணி தானா விழிச்சுக்கும், ஐ.என்.ஆர். இறங்கின மாதிரி வரும். 24 மணி நேரத்துக்குள்ள ஓட்டிடணும். முடிஞ்சவரை எப்பவும் ஒரே லேப்லயே கொடுங்க.