கடலுக்குக் காது கொடுத்த விமானம்

அரக்கோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் 1990களில் வளர்ந்தவர்களுக்கு, கடலுக்கடியில் மறைந்து செல்லும் நீர்மூழ்கிகளைத் தேடிய கடற்படையின் டியூ-142 விமானத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளத்தை 1992 மார்ச் மாதம் அன்றைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் தொடங்கி வைத்தார். கோவாவின் டபோலிம் தளத்திலிருந்த இவ்விமானங்கள் அதே ஆண்டில் இங்கு வந்து சேர்ந்தன. விமானம் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் உறுமல் வீட்டுச் சன்னல் கண்ணாடிகளை அதிரச் செய்யும். 2017 மார்ச் 29 அன்று அதே ராஜாளி தளத்தில் அவற்றுக்கு விடை கொடுத்தார்கள். அவற்றுள் ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக நிற்கிறது; அதை 2017 டிசம்பரில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் திறந்து வைத்தார். அண்மையில் குடும்பத்தோடு ஆந்திரா சென்றபோது ஒரு மாலைப்பொழுதை இதற்கென்றே ஒதுக்கினோம்.

முதலில் அதன் அளவைச் சொல்ல வேண்டும். மூக்கிலிருந்து வால் வரை ஏறத்தாழ 53 மீட்டர், இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 50 மீட்டர். சாலையில் நின்று பார்க்கும்போது முழு விமானமும் ஒரே பார்வையில் அடங்குவதில்லை. நான்கு இன்ஜின்களில் ஒவ்வொன்றின் முன்னாலும் நான்கு இலைகள் கொண்ட இரண்டு புரொப்பெல்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்து, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழலும். ஓர் இன்ஜினின் ஆற்றல் ஏறத்தாழ 15,000 குதிரைத்திறன். இலை நுனிகள் ஒலியின் வேகத்தையும் தாண்டிச் சுழல்வதால்தான் அந்த உறுமல் எழுகிறது என்பதை நான் இங்கே வந்துதான் சரியாகப் புரிந்துகொண்டேன். இறக்கைகள் ஜெட் விமானத்துக்குரியவை போலப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க, முன்னால் புரொப்பெல்லர் சுழல்வது விந்தையான சேர்க்கையாகத் தோன்றும். ஆனால் இதன் மூலமான டியூ-95 உருவான 1950களில் ஜெட் இன்ஜின்கள் எரிபொருளை அளவின்றிக் குடித்தன. பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் பறக்க வேண்டிய விமானத்துக்கு இந்த வழியே பொருத்தமாக இருந்தது.

பெரும்பாலானோர் நேராக விமானத்தை நோக்கிச் சென்று, முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். உதிரிப் பொருள்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் கூடத்தை அவர்கள் ஒரு பொருட்டாகவே கருதுவதில்லை என்பது எனக்கு வருத்தமளித்தது. இந்த விமானம் இருபத்தொன்பது ஆண்டுகள் என்ன வேலை செய்தது என்பதைச் சொல்லும் பொருள் அந்தக் கூடத்தில்தான் இருக்கிறது. சோனோபாய் என்ற நீண்ட உலோக உருளை அது. விமானத்திலிருந்து விழும்போது சிறு பாராசூட் விரிந்து அதைக் கடலில் இறக்கும். நீர் பட்டதும் மின்கலம் உயிர்பெறும், மேல்பகுதி மிதந்தபடி ரேடியோ அலைவாங்கியை நீட்டிக்கொள்ளும், அடிப்பகுதியிலிருந்து ஒலிவாங்கி ஒன்று கம்பியில் தொங்கி ஆழத்துக்குப் போகும். கடலுக்கடியில் கேட்கும் ஓசைகளை அந்தச் சிறு மிதவை சில மணி நேரம் வானத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்துவிட்டு, பிறகு தானாக மூழ்கிவிடும். இப்படிப் பல உருளைகளை வரிசையாகப் போட்டு, எதில் ஓசை முந்துகிறது, எதில் பிந்துகிறது என்று ஒப்பிட்டு நீர்மூழ்கியின் இடத்தைக் கணிப்பார்கள்.

அங்கே பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த பெரியவர் ஓய்வுபெற்ற கடற்படை வீரர். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு, எந்த ஊர் என்று விசாரித்தார். அரக்கோணம் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்தத் தளத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவராம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் காய்கறி வாங்கிய கதை வரை பேசினார். "நீங்கள் தேடிப் போனபோது நீர்மூழ்கி எத்தனை முறை அகப்பட்டது, ஐயா?" என்று என் மகள் கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, "பத்து மணி நேரம் பறந்து, காதுக் கருவியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்து, ஒன்றும் அகப்படவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு இறங்குவோம், அம்மா. கீழே போகிற நம் கப்பலுக்கு அந்தச் செய்திதான் வேண்டும்" என்றார். போர் விமானம் என்றாலே குண்டும் சண்டையும் என்று எண்ணியிருந்த என் பிள்ளைகளுக்கு அந்தப் பதில் புதிதாக இருந்தது. எனக்கும் அப்படித்தான்.

அந்தச் செய்தியின் விலை என்ன என்பதற்கு 1971ஆம் ஆண்டு இந்திய-பாகிஸ்தான் போரே சான்று. டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அருகே அரபிக்கடலில் சென்றுகொண்டிருந்த இந்தியப் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். குக்ரியைப் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி டார்பிடோ ஏவி மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். கப்பலின் தலைவர் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு நீங்க மறுத்து அதனோடே போனார். அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி, இந்த விசாகப்பட்டினத்துக்கு வெளியே, அதிலிருந்த அனைவரோடும் மூழ்கியது. அது மூழ்கிய காரணத்தை இரு நாடுகளும் இன்றும் வெவ்வேறாகவே சொல்கின்றன. நெடுந்தூரக் கடற்கண்காணிப்பு அக்காலத்தில் கடற்படையின் கையில் இல்லை, விமானப்படையிடம் இருந்தது. 1976இல் விமானப்படையின் சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்களைப் பெற்றுக்கொண்டு கடற்படை உருவாக்கிய 312ஆம் படைப்பிரிவுதான், 1988இல் சோவியத் ஒன்றியத்திடமிருந்து எட்டு டியூ-142 விமானங்களை ஏற்றது. அதே ஆண்டு நவம்பரில் மாலத்தீவுக் கலகத்தை அடக்கிய நடவடிக்கையிலேயே அவை கண்காணிப்புப் பணிக்குச் சென்றன.

விமானத்துக்குள் ஏறிப் பார்க்கவும் வழி செய்திருக்கிறார்கள். வெளியில் கண்ட பிரம்மாண்டத்துக்கும் உள்ளே இருந்த இடத்துக்கும் சம்பந்தமே இல்லை. நிமிர்ந்து நடக்கத் தயங்கும்படியான நெருக்கம். எங்கு திரும்பினாலும் விசைகளும் வட்ட வட்டமான அளவுமானிகளும். எஞ்சிய இடத்தையெல்லாம் எரிபொருளும் சோனோபாய்களும் டார்பிடோக்களும் எடுத்துக்கொள்ள, மனிதர்களுக்கு மிஞ்சியது இவ்வளவுதான். வாலின் கடைக்கோடியில் இரட்டைத் துப்பாக்கிகளோடு ஒரு சுடுநர் அமரும் கூண்டு இருக்கிறது. செங்குத்து வாலின் உச்சியிலிருந்து பின்னோக்கி நீண்டிருக்கும் தண்டையும் தவறவிடாமல் அண்ணாந்து பாருங்கள். நீர்மூழ்கியின் எஃகு உடல் புவியின் காந்தப்புலத்தில் உண்டாக்கும் சிறு சலனத்தை உணரும் கருவி அதற்குள் இருந்தது. விமானத்தின் சொந்த உலோகமும் மின்சாரமும் அதைக் குழப்பக் கூடாது என்பதற்காகவே அவ்வளவு தொலைவில் வைத்திருக்கிறார்கள்.

சாலைக்கு அப்பால், மணலில் ஐ.என்.எஸ். குர்சுரா நிற்கிறது. 1969 முதல் 2001 வரை பணியில் இருந்து, 2002இல் அருங்காட்சியகமான இந்த நீர்மூழ்கியை முதலில் பார்த்துவிட்டு விமானத்துக்கு வருவதே நல்லது என்பது என் கருத்து. நாங்கள் மாறிச் சென்றோம். இருந்தாலும் குர்சுராவுக்குள் நின்றபோதுதான், டீசல் நீர்மூழ்கி தன் மின்கலங்களுக்கு மின்னேற்றக் கடல்மட்டத்துக்கு அருகே வந்தே ஆக வேண்டும், அந்த நேரத்தில்தான் விமானத்தின் ரேடாருக்கு அது அகப்படும் என்பது மனத்தில் பதிந்தது. இரண்டுமே சோவியத் நாட்டில் கட்டப்பட்டவை.

ஒரு கவலையும் உண்டு. உப்புக்காற்று அலுமினியத்தை அரிக்கக்கூடியது; கடற்கரையில் திறந்த வெளியில் நிற்கும் இவ்வளவு பெரிய விமானத்தைப் பேணுவது ஓயாத வேலை. பார்வையாளர்களும் உடலைத் தட்டிப் பார்ப்பது, பெயரைக் கீறுவது ஆகியவற்றைத் தவிர்த்தால் நல்லது. இப்போது அரக்கோணத்தில் இதே பணியைச் செய்வது பி-8ஐ என்ற ஜெட் விமானம். அதன் ஓசையைக் கேட்டு யாரும் வாசலுக்கு வருவதில்லை. போகிறவர்கள் திறந்திருக்கும் நேரத்தை முன்பே கேட்டுக்கொண்டு, இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் சேர்த்து அரை நாளாவது ஒதுக்குங்கள். கூடத்தில் அந்தப் பெரியவரைப் போன்ற யாரேனும் இருந்தால், அவர்களைப் பேச விடுங்கள்.